ஏலத்தில் விட்டுக்கொடுத்தது

எனக்குப் பொறாமை உண்டு. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானே சொல்லிவிட்டால் அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் வீடு. என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பியின் மனைவி, என் ஓரகத்தி, என்னைவிட இளையவள். இந்தக் குடும்பத்துக்கு எனக்குப் பின்னால் வந்தவள். பின்னால் வந்தாலும் எனக்கு மகன் பிறந்த அதே வருஷம் அவளுக்கும் மகன் பிறந்தான். என் அடுக்களை ஜன்னலும் அவளுடைய அடுக்களை ஜன்னலும் நேருக்கு நேர். அவள் என்ன மீன் வாங்கினாள் என்று எனக்குத் தெரியும், நான் எத்தனை தேங்காய் உடைத்தேன் என்று அவளுக்குத் தெரியும். சொத்து பிரித்தபோது வருக்கைப் பலா நின்ற பக்கம் அவளுக்குப் போனது. அதில் தொடங்கியது. நான் அடுக்களைக்கு டைல்ஸ் போட்டால் அவள் குளியலறைக்கும் சேர்த்துப் போடுவாள். அவள் பிரிட்ஜ் வாங்கினால், என் வீட்டுக்கு அதைவிட ஒரு முழம் உயரமானது வரும்வரை வீட்டுக்காரருக்கு நிம்மதியாகச் சோறு இறங்காது.

இதெல்லாம் வீட்டோடு கிடக்கும். ஊரறிய நடப்பது அறுப்பின் பண்டிகை ஏலத்தில்தான். எங்கள் சபையில் அவரவர் விளைச்சலில் முதலாவதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். சர்ச்சைக் கோயில் என்றுதான் நாங்கள் சொல்வோம். செவ்வாழைக் குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கோழி, பெண்கள் செய்த கேக், எல்லாம் இருக்கும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். சந்தையில் சும்மா கிடைக்கிற பூசணிக்காய்க்கு அங்கே பொன்விலை கேட்பார்கள். காசு கோயிலுக்குப் போகிறது என்பது ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரி கொண்டுபோகக் கூடாது என்பது இன்னொரு காரணம். ஏலம் விடுகிற அண்ணாச்சி என்னையும் ஓரகத்தியையும் கண்டால் தொண்டையைச் செருமிக்கொள்வார். சபைக்கு நல்ல காலம் என்று அர்த்தம். அவளாவது சில வருஷம் பாதியில் நிறுத்தியிருக்கிறாள். நான் ஒருநாளும் விட்டதில்லை.

பிள்ளைகளுக்கு இந்த வழக்கெல்லாம் தெரியாது. இரண்டு பேரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்தார்கள். அவன் என் வீட்டில் தின்பான், இவன் அங்கே தூங்குவான். படிப்பில் அவள் மகன் கொஞ்சம் முன்னால். ஓட்டத்தில் இரண்டு பேரும் சமம். நீச்சலில் என் மகன். ஊர்க் குளத்தில் படித்துறையிலிருந்து சாடினால் எதிர்க்கரையில் நிற்கிற தென்னைவரைக்கும் என் மகனை யாராலும் பிடிக்க முடியாது. எனக்குப் பொறாமைப்பட ஒன்றுமே இல்லாத ஒரே இடம் அந்தக் குளம்.

ஒன்பதாம் வகுப்பில் விளையாட்டு விழாவன்று ஓடிக்கொண்டிருந்த என் மகன் எல்லைக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தான். கண் மேலே சொருகிக் கை வெட்டி வெட்டி இழுத்தது என்று வாத்தியார் சொன்னார். நான் போய்ச் சேருவதற்குள் எழும்பி உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் கேட்டுவிட்டு வலிப்பு என்றார். மாத்திரை எழுதித் தந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் அடுக்களையில் நின்று சத்தம் கொடுப்பேன்.

"மக்கா, மாத்திர போட்டியா?"

"போட்டேம்மா."

ஒரு வேளை தவறவிட்டதில்லை. அவன் டூர் போனபோதுகூட வாத்தியாரின் போனுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச காலம் குளத்துக்கு விடாமல் வைத்திருந்தேன். பிறகு விழவே இல்லை. மாத்திரை கேட்டுவிட்டது என்று டாக்டரும் சொன்னார், நானும் நம்பினேன். பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில், "அம்மா, ஒரே ஒருக்கா" என்று கெஞ்சினான். அவள் மகனும் கூட நின்றான். போய்விட்டு வாருங்கள் என்றேன்.

இரண்டு பேரும் படித்துறையிலிருந்து ஒன்றாகச் சாடியிருக்கிறார்கள். அவள் மகன் தென்னையைத் தொட்டுவிட்டு, இன்றைக்கு நான் முந்திவிட்டேன் என்ற சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்திருக்கிறான். தண்ணீர் சும்மா கிடந்திருக்கிறது.

நான் குளத்தங்கரைக்கு ஓடியபோது முதலில் கண்ணில் பட்டது என் மகன் இல்லை. ஓரகத்தி தன் மகனைப் பிடித்து உட்காரவைத்து, முந்தானையால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். துவட்டத்தான் செய்வாள், பெற்றவள் இல்லையா. ஆனால் அந்த முந்தானையை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஒரே குளம், ஒரே தண்ணீர், இரண்டு பேரும் ஒன்றாக இறங்கினார்கள். துவட்டுவதற்கு அவளுக்கு ஒரு தலை இருந்தது.

அதற்குப் பிறகு ஊர் பேசியது. வலிப்பு உள்ள பிள்ளையை யாராவது குளத்துக்கு விடுவார்களா என்று. அது என் காதுபட. காதுபடாமல் இன்னொன்று. வலிப்பு என் பிறந்த வீட்டு வழியில் வந்ததாம். யாரோ ஒரு மாமாவுக்கு உண்டாம். இதை யார் கிளப்பினார்கள் என்று எனக்குத் தெரியும். மதிலுக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு பேச்சு பிறக்க வழியில்லை.

அதற்குப் பிந்தைய வருஷங்களை நான் அவள் வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்துக் கழித்தேன். மதிலுக்கு மேலே அவனுடைய ஜீன்ஸ் காயும். வருஷத்துக்கு வருஷம் நீளம் கூடிக்கொண்டே வந்தது. என் மகனும் இந்த அளவுக்கு வந்திருப்பான் என்று கண்ணாலேயே அளப்பேன். அவனுக்கு மீசை அரும்பியது. பைக் வந்தது. காலேஜ் போனான். கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுவந்து, "பெரியம்மா, அம்ம தந்துவிட்டா" என்று என் முகத்தைப் பார்க்காமல் நீட்டுவான். நல்ல பிள்ளை. அவன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவன் இருந்தான், அது ஒன்றுதான். அவன் செருப்பு அவள் வீட்டு வாசலில் தாறுமாறாகக் கிடப்பதும், "ஏலே, செருப்ப ஒழுங்கா போடத் தெரியாதா" என்று அவள் கத்துவதும் எனக்குப் பொறுக்காது. கத்துவதற்கு அவளுக்கு ஆள் இருந்தது.

காலேஜ் முடித்ததும் போலீஸ் செலக்ஷனுக்குத் தயாரானான். விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டம். என் வீட்டு வாசல் வழியாகத்தான் போவான்.

அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் இசிஜி எடுக்கிற வழக்கம் உண்டே. எடுத்தார்கள். நீண்ட தாளைப் பார்த்த இதய டாக்டர், சின்னப் பையன்தான், ஸ்கேலை வைத்து அளந்தார். இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார்.

"உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

"இல்ல டாக்டர்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கணக்கில் திடீர் சாவு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது. குளத்தில் போனது குளத்தில் போனது. அதைத் தனியாக எழுதிவிடுவோம்.

"எனக்க மவன் போனான்," என்றேன் நான். "குளத்துல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீச்சல் தெரியாதா?"

"அவனுக்கா?" என்றேன். எனக்குக் கோபம் வந்தது. "அந்தக் குளத்துல அவன அடிக்க ஆளு கிடையாது."

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓடும்போது விழுந்தது. கண் சொருகியது. ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாக எழும்பியது. கேட்கக் கேட்க என் வீட்டுக்காரருக்கும் ஞாபகம் வந்தது. அவருடைய சித்தப்பா ஒருத்தர், கல்யாணம் ஆகாத வயதில், ஆற்றில் போனவர். அவரும் நன்றாக நீந்துகிறவர்தானாம்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தமாதிரி சொல்கிறேன். இதயம் ஒருமுறை அடித்தால், அடுத்த அடிக்குத் தயாராகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். சில குடும்பங்களில் அந்த நேரம் பிறவியிலேயே நீளம். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. வேகமாக ஓடும்போதோ நீந்தும்போதோ பயப்படும்போதோ அடி தாறுமாறாகி ஆள் விழுவான். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். சரியாகாமலும் போகும். பார்க்கிறவர்களுக்கு வலிப்பு மாதிரி இருக்கும், ஆனால் வலிப்பு மாத்திரை இதற்கு ஒன்றும் செய்யாது. தண்ணீருக்குள் வைத்து வந்தால் எல்லோரும் முங்கிச் செத்தான் என்றுதான் சொல்வார்கள். தகப்பனோ தாயோ ஒருத்தருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிலர் என் வீட்டுக்காரரைப்போல ஒருதரமும் விழாமல் கிழவராகிவிடுவார்கள்.

"உங்க மகனுக்கு இதுவாத்தான் இருந்திருக்கணும். இதுக்கு மாத்திரை இருக்கும்மா," என்றார். "விலை குறைஞ்ச மாத்திரைதான். தினமும் தவறாமப் போடணும்."

தினமும் தவறாமல். அந்த வேலையில் என்னை மிஞ்ச யாருண்டு? நான் மாத்திரை கொடுத்தேன் டாக்டர், தவறாமல் கொடுத்தேன், அது வேறு மாத்திரை. இதை அவரிடம் சொல்லவில்லை. ஐம்பது கடந்த என் வீட்டுக்காரருக்கு அந்த மாத்திரையை எழுதித் தந்தார். அதைக் கையில் வாங்கியபோது வீட்டுக்காரர் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது அவர்கள் வழி, என் பிறந்த வீட்டு வழி இல்லை என்று கேட்டபோது எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. பஸ்ஸில் வரும்போது ஓரகத்தியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை வார்த்தையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். வாயை மூடிக்கொண்டு கேட்பாள் என்று நினைத்தேன். தக்கலை தாண்டும்போதுதான் டாக்டர் கடைசியாகச் சொன்னது மண்டையில் ஏறியது. "கூடப் பிறந்தவங்க, அவங்க பிள்ளைங்க, எல்லாரும் இசிஜி எடுத்துப் பாக்கணும். முக்கியமா விளையாடுற பிள்ளைங்க." விடியற்காலையில் என் வாசல் வழியாக ஓடுகிறவன் நினைவுக்கு வந்தான். அவனும் ஒருதரம் வாலிபர் சங்க வாலிபால் விளையாட்டில் விழுந்திருக்கிறான். வெறும் வயிறு, வெயில் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

அன்று சாயங்காலமே போனேன். அந்தச் சாவுக்குப் பிறகு நான் அவள் வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எல்லாம் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள்.

"அப்பம் இது எங்களுக்க வீட்டு வழி, அப்படியாக்கும் சொல்லுகிய?"

"டாக்டர் சொன்னதாக்கும். ஒரு இசிஜி எடுத்துப் பாருட்டி. ஒரு தாளு. ஊசிகூட கிடையாது."

"செலக்ஷன் நேரத்துல இப்படி ஒரு பேச்சு. வெளிய தெரிஞ்சா அவனுக்க காரியம் என்ன ஆவும்?"

"உசுரு இருந்தா இல்லியா செலக்ஷன்?"

அவள் முகம் மாறியது. "அக்கா, உங்களுக்க மவன் போனான்னு எனக்க மவனும் போகணும்னு நினைக்கியளா?"

அப்படி நினைத்ததே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஏனென்றால் துணிக்கொடியைப் பார்த்து நின்ற நாட்களில் என்னென்னவோ நினைத்திருக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். திரும்பி வந்தேன்.

கொழுந்தனிடம் வீட்டுக்காரர் பேசினார். "எனக்கு என்ன கேடு? இப்பவும் தெங்குல ஏறி தேங்கா வெட்டுகேன்" என்றான். பையனை வாசலில் நிறுத்தி நானே கேட்டேன். "செலக்ஷன் முடியட்டும் பெரியம்மா, பாக்கலாம்" என்று சிரித்துவிட்டு ஓடினான். போதகரிடம் சொன்னேன். அவர் ஜெபம் செய்யலாம் என்றார். சபையில் அதற்குள் பேச்சு பரவிவிட்டது. "அவளுக்கு எரியுகு. பாவம், பெத்த வயிறுல்லா" என்று என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். எரிந்தது உண்மைதான். ஆனால் இசிஜியும் உண்மை. பொறாமைக்காரி வாயில் வந்ததால் அதுவும் பொறாமையாகிப் போனது. தினமும் விடியற்காலையில் அவன் ஷூ சத்தம் கேட்டால் எழும்பி ஜன்னலில் நிற்பேன். திரும்பி வருகிற சத்தம் கேட்கும்வரை காப்பி போடமாட்டேன். எனக்கு ஏன் இந்தப் பாடு, பெற்றவள் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று அதற்கும் அவள் மேல் எரிச்சல் வரும்.

அறுப்பின் பண்டிகை நெருங்கியது. எல்லாரும் போல நானும் கோயிலுக்கு என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புத்தி வந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அவளை எனக்குத் தெரியும். நான் கொடுத்தால் வாங்கமாட்டாள். நான் எடுக்கப் போனால் விடமாட்டாள்.

தக்கலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் குடும்ப இதயப் பரிசோதனை என்று ஒரு அட்டை விற்றார்கள். மூன்று பேருக்கு இசிஜி, எக்கோ, டாக்டர் பார்த்துச் சொல்வது, எல்லாம் அதில் அடக்கம். எங்கள் டாக்டரும் வாரத்தில் ஒருநாள் அங்கே வருகிறவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "வந்தா நான் பாக்குறேன். வர வைக்கிறது உங்க வேலை" என்றார். ஒன்று வாங்கினேன். வழவழப்பான அட்டை, மேலே சிவப்பு ரிப்பன். சபைச் செயலரிடம் கொடுத்து, பெயர் சொல்ல விரும்பாத ஒருவரின் காணிக்கை என்று போடச் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். நான் பெயர் சொல்லாமல் கோயிலுக்கு ஒரு தேங்காய்கூடக் கொடுத்தது கிடையாது.

ஏலத்தன்று நல்ல கூட்டம். ஓரகத்தி எனக்கு எதிர்ப்பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். வாழைக்குலை, கிழங்கு, கோழி எல்லாம் போனது. எதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சிக்கே ஏமாற்றம். அட்டையை எடுத்துக் காட்டினார். "மூணு பேருக்கு ஹார்ட் செக்கப்! பெரிய டாக்டர் பாப்பாரு! ஆரு கேக்கிய?"

பக்கத்தில் இருந்தவளிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். "இதுக்குத்தான் நான் இவ்வளவு நேரமும் இருந்தேன். இத நான் எடுக்காம போமாட்டேன்." கையைத் தூக்கினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆனால் கையைத் தூக்கவில்லை. வேறொருத்தர் கேட்டார், நான் கூட்டினேன். அவர் விட்டுவிட்டார். ஒருதரம் என்றார் அண்ணாச்சி. இவள் கேட்காவிட்டால் என் அட்டையை நானே இரண்டாம் தடவை வாங்கவேண்டியதுதான். இரண்டுதரம் என்று வாயெடுத்தபோது அவள் கை எழும்பியது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே வெட்கம். நான் கூட்டினேன், அவள் கூட்டினாள். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. அண்ணாச்சிக்கு உற்சாகம் தாங்கவில்லை. எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. அவள் கழுத்தை ஒடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் எதற்காக வந்தேன் என்பதே மறந்துபோய், இவளிடம் தோற்பதா என்று இன்னும் ஒருமுறை கூட்டிவிட்டேன். அவள் யோசித்தாள். கொழுந்தன் பின்னால் வந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். ஒருதரம். இரண்டுதரம். அவளையே பார்த்து, பல்லைக் காட்டிச் சிரித்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை. கொழுந்தனின் கையைத் தட்டிவிட்டு எழும்பி நின்று கேட்டாள்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். என் நாக்கு நுனியில் அடுத்த தொகை நின்றது. அதை விழுங்கினேன்.

"போதும்," என்றேன்.

மூன்றுதரம் என்று சொல்ல அண்ணாச்சிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் அட்டையை வாங்கி விசிறிக்கொண்டே போனாள். எதற்காகத் தோற்றேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

அவள் அந்த அட்டையை ஷோகேஸில் வைத்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். நாட்கள் போயின. பையன் ஓடிக்கொண்டிருந்தான். நல்லவேளை, அட்டையில் கிறிஸ்மஸுக்குள் என்று ஒரு தேதி அடித்திருந்தது. காசு கொடுத்து எடுத்ததை வீணாக்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் கல்யாணத்துக்குப் போகிறமாதிரி உடுத்துக்கொண்டு காரில் போனார்கள். பட்டுப்புடவை. இசிஜி எடுக்கப் பட்டுப்புடவை.

திங்கள்கிழமை நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாக வந்தாள். தலைகூடச் சீவவில்லை.

"எக்கோவுல ஒண்ணும் இல்லன்னு சொன்னாவ. நான் சந்தோஷப்பட்டேன். பொறவு அந்தச் சின்ன டாக்டரு தாள வச்சு அளந்தாரு." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் உண்டாம், அக்கா. தகப்பனுக்கும் மவனுக்கும். ஓடப்பிடாதுன்னு சொல்லிட்டாரு."

நான் துருவுவதை நிறுத்தவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா? நீங்க ஏலத்துல ஒருநாளும் விட்டதில்லியே. அன்னைக்கு மட்டும் என்னத்துக்கு விட்டிய?"

"கையில காசு இல்ல," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் போய் அணைத்து ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. இவள் கையில் ஒரு தாளோடு அழுகிறாள், நான் ஒரு குளத்தங்கரையில் அழுதேன் என்றுதான் ஓடியது.

"அழுவாதட்டி," என்றேன். "ஒனக்க மவன் வீட்டுல இருக்கான். போய் அவனுக்குச் சோறு போடு."

கொழுந்தனுக்கும் பையனுக்கும் மாத்திரை தொடங்கியது. பந்தய ஓட்டம் கூடாது, குளம் கூடாது. சளிக்கும் வயிற்றுக்கும் கடையில் சும்மா வாங்குகிற சில மருந்துகள் கூடாது, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லவேண்டும். பெரியவர்கள் நான்கு பேருக்கும், விழுந்தால் நெஞ்சில் எப்படி அழுத்துவது என்று தலையணையை வைத்துச் சொல்லித் தந்தார்கள். அதில் என் அழுத்தம்தான் சரி என்று நர்ஸ் சொன்னாள். ஓரகத்திக்குப் பிடிக்கவில்லை, இன்னொரு தடவை செய்து காட்டினாள்.

போலீஸ் வேலை போச்சு. பையன் இப்போது ஒரு மொபைல் கடையில் இருக்கிறான். ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. எல்லாம் இந்தப் பெரியம்மா செய்த வேலை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் வாசல் வழியாகப் பைக்கை முறுக்கிக்கொண்டு போவான். போகட்டும். சத்தம் கேட்டால் போதும்.

என்னால் தாங்கமுடியாதது வேறு ஒன்று. தினமும் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் சத்தம் கொடுப்பாள்.

"மக்கா, மாத்திர போட்டியா?"

"போட்டேம்மா."

அதே கேள்வி. அதே பதில். வார்த்தைகூட மாறவில்லை. நானும் இதைத்தான் கேட்டேன், இதே நேரத்தில், இதே மாதிரி ஒரு அடுக்களையில் நின்று. அவள் கேட்பது சரியான மாத்திரைக்கு. குழாயை மூடிவிட்டு நின்று கேட்பேன். அவன் பதில் சொன்ன பிறகுதான் திறப்பேன். அவளுக்கு வாய்த்த எல்லாவற்றிலும், பலாமரத்திலும் பட்டுப்புடவையிலும்கூட, எனக்கு இவ்வளவு பொறாமை வந்ததில்லை.

நேற்று அவள் சத்தம் வரவில்லை. குழாயை மூடிக்கொண்டு நின்றேன். பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. என்னை அறியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்திவிட்டேன்.

"ஏலே மக்கா, மாத்திர போட்டியா?"

பைக் நின்றது. பிறகு செருப்பைக் கழற்றி உள்ளே போகிற சத்தமும், டம்ளர் சத்தமும் கேட்டன.

"இப்பம் போட்டேன் பெரியம்மா."

நான் கம்பியை விடவில்லை. எதிர் ஜன்னலில் ஓரகத்தி வந்து நின்றாள். காய்ச்சலில் படுத்திருந்தவள், போர்வையோடு எழும்பி வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை, துணிக்கொடியைப் பார்த்து நான் நின்ற பார்வைதான்.

"எனக்க மவனுக்கு நான் கேட்டுக்கிடுவேன் அக்கா," என்றாள்.

இன்றைக்கு வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே அவள் சத்தம் கேட்டது. பையன் தூக்கக் கலக்கத்தில் முனகிக்கொண்டே பதில் சொன்னான். என்னை முந்தத்தான் அப்படிச் செய்தாள். நாளைக்கு நான் அவளுக்கும் முன்னால் எழும்புவேன்.